நான் அனுப்பாத இரண்டாம் பக்கம்

எங்கள் பங்குத் தமிழ்ச் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை கொடுக்க வேண்டுமாம். மலர்க்குழுவில் இருக்கிற பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். "அங்கிள், நீங்கள் பேப்பரிலை பகிடி எழுதுற ஒரு வெள்ளைக்காரனிட்டை வேலை செய்தனீங்களாமே. அதைச் சிரிக்கிற மாதிரி நல்ல பகிடியா எழுதித் தாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். கனக்க எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

பகிடி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தலை கொதிக்கும். பலேர்மோவில் நான் எத்தனையோ வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டியிருக்கிறேன். தட்டை என் முகத்தில் எறிந்த வீட்டுக்கார சிஞ்ஞோராவுக்கும் சோறு தீத்தியிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் என்னை இப்படிக் களைக்க வைக்கவில்லை. படுக்கையில் விழாமல், நாற்காலியில் இருந்து, நாளுக்கு நாற்பது சிகரெட் குடித்துக்கொண்டு என் பொறுமையைச் சோதித்தவர் அந்தப் பத்திரிகைக்காரர் வெண்டல் சேர் ஒருவர்தான். ஆண்டவர் அவருடைய ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி தரட்டும்.

நான் வேலை பழகிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னாரில் எட்டாம் வகுப்பு. பிறகு கொழும்பில் ஒரு விடுதியில் தட்டுத் தூக்கி, வெள்ளைக்காரரோடு கதைத்துக் கதைத்துக் கொஞ்சம் ஆங்கிலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலிக்கு வந்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோரா சட்டை மினுக்கவும் கோப்பி போடவும் இரண்டு கிழமை காட்டித் தந்தார். படிப்பு அவ்வளவுதான். பங்கில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர், "ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டுமாம், மனுசன் கொஞ்சம் கடுகடுப்பு" என்று சொல்லி என்னை வெண்டல் சேரிடம் அனுப்பினார். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு அந்தச் சகோதரி ஆண்டவரிடம் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

அவருடைய வீடு துறைமுகத்துக்குக் கிட்ட மூன்றாம் மாடி. நாப்போலிக் கப்பல் ஊதினால் கண்ணாடி அதிரும். முதல் நாள் என் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்தார். வேலை தருகிறவர்களுக்காகவும் செபிப்பாயா என்று கேட்டார். ஓம் என்றேன். "என்னை விட்டுவிடு. நான் இப்படி இருந்து பழகிவிட்டேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் சவரிமுத்து இல்லை, பிஷப். கோப்பி கொண்டுவா பிஷப். பூனையை வெளியே விடு பிஷப். கும்பிட்டுக் கேட்டும் நிறுத்தவில்லை.

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். வட இங்கிலாந்தில் சிறு பட்டினம், தகப்பன் துணிக்கடைக்காரர். பதினேழு வயதில் ஊர்ப் பத்திரிகையில் சேர்ந்து மரண அறிவித்தல் எழுதினாராம். செத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதி எழுதி வெறுத்துப்போய்த்தான் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி எழுத வந்தேன் என்பார். பிறகு லண்டனில் ஒரு பெரிய பத்திரிகையில் முப்பது வருடம் கிழமைக்கு ஒரு பத்தி. மந்திரி, நீதவான், பிரபு, உண்மையான பிஷப்மார், ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. வழக்குகள் வந்தன. மனைவி போய்விட்டார். நெஞ்சுச் சளிக்கு வெயில் நல்லது என்று டொக்டர் சொல்ல, சிகரெட்டையும் கொண்டு வெயிலுக்கு வந்தார். இங்கிருந்தபடியே கிழமை தவறாமல் லண்டனுக்கு எழுதினார்.

அவருடைய ஒரு கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறேன், அப்போதுதான் என் பாடு விளங்கும்.

திங்களன்று நான் ஸ்தாசியோனேக் கடையில் ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி வர வேண்டும். இரண்டு நாள் பழசாகத்தான் வரும். பழசு என்று என்னை ஏசுவார். பத்திரிகையை விரித்து, எரிச்சல் வருகிற செய்தியை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைப்பார். சீனி எடுக்கப் போனால் மந்திரிமார் பறப்பார்கள். புதன்கிழமை அந்தக் குவியலைக் கிளறி ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நிலத்தில் தள்ளுவார். கூட்டுவது நான். வியாழன் காலை தட்டச்சு. எழுதி முடித்த உடனே முதல் பந்தியைக் கோடு போட்டு அடித்துவிடுவார். "முதல் பந்தி எழுதுகிறவன் தொண்டையைச் செருமுவது. வாசிக்கிறவனுக்கு அது தேவையில்லை" என்பார். எல்லாமாக மூன்று தாள் வரும்.

பிறகுதான் எனக்குச் சித்திரவதை. நான் சட்டை மினுக்கிக்கொண்டு நிற்க, அவர் மூன்று தாளையும் உரத்து வாசிப்பார். வாசிக்கும்போது தாளைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்தால் அந்த வரியை வெட்டிவிடுவார். உனக்கே சிரிப்பு வந்தால் அது மலிந்த பகிடி என்பார். எனக்குக் கோபம் வந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டுச் சந்தோஷப்படுவார். என் கோபம் அவருக்குத் தராசு. கோபப்படக் கூடாது என்று மனதுக்குள் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டு நிற்பேன். அதையும் கண்டுபிடித்து, உதடு அசைகிறது என்று சொல்லி இரண்டு குறி போடுவார்.

ஆனாலும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. இதை எழுதாவிட்டால் எனக்குப் பாவம். வேலைக்காரரையோ, கடைக்காரரையோ, பஸ் ஓட்டுகிறவரையோ அவர் அதுவரை ஒருநாளும் எழுதியதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மந்திரி என்றால் மறுநாளே எனக்கு எதிராகப் பதில் எழுதுவான். பதில் எழுத முடியாத ஆளை அடிக்கிறவன் எழுத்தாளன் இல்லை, பிஷப்" என்றார்.

வாசித்து முடிந்ததும் தாள்களை நான் புகையிலைக் கடைக்குக் கொண்டு போவேன். வீட்டில் டெலிபோன் இருந்தது. ஃபக்ஸ் இயந்திரம் வாங்கச் சொன்னால், லண்டன்காரர் தன் வீட்டுக்குள் தாளை நீட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று மாட்டேன் என்றார். கடைப் பெண் அங்கே இருந்த ஃபக்ஸுக்குள் ஒவ்வொரு தாளாக விடுவாள். முடிவில் இத்தனை பக்கம் போனது என்று ஒரு துண்டு வரும். அதைக் கொண்டுவந்து சமையலறை ஆணியில் குத்த வேண்டும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிழையை நான் விட்டேன். என் பிழைதான்.

பெல்லெக்ரினோ மலையில் இருக்கிற சாந்தா ரோசாலியா குகைக் கோயிலுக்கு ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் நடந்து ஏறுவது உங்களுக்குத் தெரியும். வேதக்காரர், சைவக்காரர், மொரீசியஸ்காரர் எல்லாரும் ஏறுவார்கள். என்னோடு ஏறுகிறவர்களில் திரேசம்மா அக்கா ஒருவர். மன்னார்ப் பக்கம்தான். பலேர்மோவின் சீசாப் பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டின் பின் அறையில் இருந்தார். அவருடைய ஒரே மகன் அமலதாஸ் பத்தொன்பது வயதில் சைக்கிளில் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிக் கடைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மலை ஏறுவார். குகைக்குள் போய், கண்ணாடிக்கு உள்ளே சிலையாகப் படுத்திருக்கிற புனிதையிடம் மகனுடைய அடையாளங்களைச் சொல்லுவார். உயரம், இடது புருவத்தில் தழும்பு, கடைசியாகப் போட்டிருந்த நீலக்கோட்டுச் சட்டை. மறக்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் முதலில் இருந்து சொல்லுவார்.

எங்கள் செபக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருடைய துன்பத்தை மற்றவர்களிடம் சொல்லி, அவருக்காக மன்றாடுங்கள் என்று கேட்போம். செபத்துக்குச் சொல்வது என்போம். அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை. எத்தனை பேர் மன்றாடுகிறார்களோ அத்தனை நல்லது. அந்த ஞாயிறு மலையால் இறங்கி, சேருக்கு நெஞ்சுச் சளி கடுமை என்று சூப் கொண்டு போனேன். மலையில் என்ன கேட்டாய் என்றார். உங்கள் நெஞ்சுக்காகக் கேட்டேன் என்றேன். அன்று ஏனோ பகிடி பண்ணாமல் இருந்தார். மனம் இளகியிருக்கிறது என்று நினைத்து, அக்காவின் கதையை ஒன்றும் விடாமல் சொல்லி, "நீங்களும் அவவுக்காக மன்றாடுங்கோ சேர்" என்றேன். பத்திரிகைக்காரரிடம் செபத்துக்குச் சொன்ன மடையன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வியாழக்கிழமை வாசிப்பு ஒரு மாதிரி இருந்தது. முதல் தாளை வாசித்தார். பலேர்மோவில் எதற்கு எடுத்தாலும் அடுத்த கிழமை வா என்கிறார்கள், வரி அதிகாரி தொடக்கம் மேயர் வரை, என்று போனது. பிறகு பெரிதாக இருமினார். இரண்டாம் தாள் சும்மா இட்டு நிரப்பியது என்று சொல்லி மூன்றாம் தாளுக்குப் போய்விட்டார். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

கடையில் தாள்களை அடுக்கும்போது இரண்டாம் தாளைப் பார்த்தேன். செருப்புப் பையோடு மலை ஏறுகிற ஒரு பெண். மேலே குகைக்குள் ஒரு கந்தோர், தொலைந்த பொருட்களை விசாரிக்கிற இடம். அங்கே புனிதைதான் எழுதுவினைஞர். பெண் உயரம் சொல்கிறாள், தழும்பு சொல்கிறாள், சட்டை நிறம் சொல்கிறாள். புனிதை படுத்தபடியே கொட்டாவி விட்டு, அடுத்த கிழமை வாருங்கள் அம்மா என்கிறாள். பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குகிறாள்.

அது திரேசம்மா அக்காதான். அக்காவுக்கு லண்டனில் ஒரு தங்கச்சி. தங்கச்சியின் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிப்பார்கள். இன்னொன்றையும் நினைத்தேன். என் மனைவியை ஊரிலிருந்து கூப்பிடுகிற கடதாசியில் வேலை தருகிறவரின் கையெழுத்து வேண்டும். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சேர் சொல்லியிருந்தார். அந்தக் கடதாசியோடு நான் கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போக வேண்டும். இந்த மனுசனைக் கோபப்படுத்த எனக்கு ஏற்ற நாள் இல்லை அது.

கடைப் பெண் கையை நீட்டினாள். முதலாம் தாளையும் மூன்றாம் தாளையும் கொடுத்தேன். இரண்டு பக்கம் போனது என்று துண்டு வந்தது. இரண்டாம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், துண்டை எப்போதும்போல ஆணியில் குத்தினேன். ஒளிக்கவில்லை.

மூன்று மணிக்கு லண்டனிலிருந்து டெலிபோன். இரண்டாம் பக்கம் வரவில்லை, ஆறு மணிக்குள் வேண்டும் என்றார்களாம். சேர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அனுப்பினாயா?"

"இல்லை சேர்."

"எங்கே?"

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். கொடுக்கவில்லை. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அதில் ஒரு பொய் இருந்தால் காட்டு என்றார். நான் தாளை எடுத்து முதலில் இருந்து பார்த்தேன். கந்தோரையும் கொட்டாவியையும் விட்டால் செருப்பு, பை, தழும்பு, சட்டை எல்லாம் நான் சொன்னதுதான். என் வாயாலே கொடுத்த சாமான்.

"பொய் இல்லை சேர். ஆனால் பதில் எழுத ஏலாத ஆளை அடிக்கக் கூடாது எண்டு சொன்னது நீங்கள். உங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சபடியால்தான் காலமை இதை எனக்கு வாசிக்கேல்லை."

சிகரெட்டை அணைத்தார். பிறகு தொப்பியை எடுத்தார். "சரி. அவளிடமே கேட்போம். அவள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன். நீ வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்க வேண்டும். உன் மாதா மேல் சத்தியம்."

இதைவிட அவர் என்னை வேலையால் நிறுத்தியிருக்கலாம்.

பஸ்ஸில் போனோம். சீசா வரும்வரை பஸ்ஸையும் பலேர்மோவையும் என்னையும் மாறிமாறி ஏசிக்கொண்டு வந்தார். வியாழன் பின்னேரம் மற்ற வீடுகளில் வேலைக்காரருக்கு ஓய்வு. அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரே கதிரையை அவருக்குப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்தார். சேர் இருக்கவில்லை. நின்றபடியே வாசித்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னேன். கொட்டாவி என்ற இடத்தை விட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் பண்ணியிருந்தேன். விடவில்லை.

முடிந்ததும் சுவரிலிருந்து திரும்பினேன். பார்த்தால் அக்கா சிரிக்கிறார். சின்னச் சிரிப்புத்தான்.

"அது சரிதானே தம்பி. நான் எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனான். எல்லாரும் அடுத்த கிழமை வா எண்டுதானே சொன்னவை. இந்தப் புனிதையும் சொல்லுறாதான். ஆனா இவ கதவைப் பூட்டேல்லை."

நான் அதையும் சேருக்குச் சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளைக் கையில் வாங்கினார். எழுத்துத் தெரியாது, ஆனாலும் மேலிருந்து கீழே விரலால் தடவித் தேடினார்.

"இது லண்டன் முழுக்கப் போற பேப்பரோ?"

ஓம் என்றேன்.

"அப்ப பிள்ளையின்ரை பேர் எங்கை? செருப்பைப் போட்டிருக்கிறார், பையைக்கூடப் போட்டிருக்கிறார். பேரை ஏன் போடேல்லை? பேர் இல்லாட்டி ஆர் கண்டாலும் எப்பிடித் தெரியும்?"

அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. பகிடியோ அழுகையோ, அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. எங்கேயாவது ஒரு கண்ணில் அந்தப் பெயர் பட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் அவரைக் கேட்கவே இல்லை. சேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் அவருடைய தலைக்கு மேலால் சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

அக்கா கேட்டதை நான் சேருக்குச் சொன்னேன். சேர் தொப்பியைக் கழற்றினார். கந்தோர், கொட்டாவி எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல் என்றார். சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டார். அது நிற்கட்டும், சிரிக்கிறவர்கள்தான் கடைசி வரைக்கும் வாசிப்பார்கள் என்றார். பெயரை மட்டும் போடச் சொன்னார்.

தெருமுனை பாரில் டெலிபோன் இருந்தது. ஆறுக்கு இருபது நிமிடம். சேர் லண்டனைப் பிடித்து இரண்டாம் பக்கத்தை வாயாலே வாசித்தார். அவருடைய வாசிப்பில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வரும். பிறகு மூன்றாம் பக்கத்தின் முடிவில் போடச் சொல்லி இரண்டு வரி புதிதாகச் சேர்த்தார். அமலதாஸ் என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஊர், வயது, தழும்பு. அக்கா ஈரக் கையோடு பக்கத்தில் நின்று, ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாமலே ஒவ்வொரு எழுத்துக்கும் தலையாட்டினார்.

மறுநாள் என் கடதாசியில் கையெழுத்து வைத்தார். தான் எழுதுகிறதைவிட இந்தப் படிவத்தில் கற்பனை கூட என்று புறுபுறுத்துக்கொண்டுதான் வைத்தார். என் மனைவி வந்து சேர்ந்தா. அதற்கு ஆண்டவருக்கு நன்றி.

திங்கட்கிழமை பத்திரிகையை வாங்கி ஸ்தாசியோனே வாசலிலேயே நின்று பார்த்தேன். செருப்பு இருந்தது, புனிதையின் கொட்டாவி இருந்தது. கடைசி இரண்டு வரியும் இல்லை. இடம் போதவில்லையாம்.

அன்றுதான் சேர் பகிடி இல்லாமல் கோபப்பட்டதைக் கண்டேன். லண்டனுக்கு எடுத்து அரை மணித்தியாலம் ஏசினார். வைத்துவிட்டுச் சொன்னார்: "நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இடம் காணாவிட்டால் கீழே இருந்துதான் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதைக் கீழே வைத்தேனே."

அடுத்த வியாழன் பத்தி ஏதோ ரயில் மந்திரியைப் பற்றியது. வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி: மன்னாரைச் சேர்ந்த என் நண்பர் அமலதாஸ் சொல்வதுபோல, ரயில் வரும் என்று நம்புகிறவனுக்குப் பொறுமை வேண்டும். நான் சூடான மினுக்குப்பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சேரின் சட்டை ஒன்று அதில் கருகியது.

அதற்குப் பிறகு அவர் இங்கிலாந்துக்குத் திரும்பும்வரை ஒரு கிழமையும் தவறவில்லை. முதல் வரியில் அமலதாஸ். ஒருமுறை அமலதாஸ் வரிச் சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னான், ஒருமுறை அரண்மனைத் தேத்தண்ணி சரியில்லை என்றான். அக்காவின் பிள்ளை அப்படியெல்லாம் கதைக்க மாட்டான் சேர் என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவர் குறி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு துண்டையும் வெட்டி அக்காவிடம் கொண்டு போனேன். சாந்தா ரோசாலியாவின் படத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்தார். இந்தக் கிழமை பிள்ளை என்ன சொல்லியிருக்கிறான் என்று கேட்பார். நான் சொல்லுவேன். அரண்மனைத் தேத்தண்ணிக்கு மட்டும், அவன் எப்பவும் தேத்தண்ணிக்குக் குறை சொல்லுறவன்தான் என்றார்.

மகனைத் தெரியும் என்று ஒருவரும் எழுதவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது, லண்டனில் இருந்து, வாசிக்கிற ஒரு கிழவர் எழுதியது. இந்த அமலதாஸ் உண்மையான ஆளா, அல்லது நீங்கள் உண்டாக்கிய ஆளா என்று கேட்டிருந்தார். சேர் கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இதற்குப் பதில் எழுத வேண்டியவன் நானில்லை என்றார். அன்று அவர் என்னைச் சவரிமுத்து என்று கூப்பிட்டார். பகிடியை விடுகிற அளவுக்குக் காரியம் பாரம் என்று விளங்கியபடியால், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கடிதத்தைச் சீசாவுக்குக் கொண்டு போனேன். அக்கா கையை நன்றாகத் துடைத்துவிட்டு, என்னைக் கதிரையில் இருத்தி, தான் நின்றபடி சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அவன் காணாமற்போகும்போது பத்தொன்பது. நான் அதைத்தான் எழுதப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"அப்பிடி எழுதாதை தம்பி. உண்மையான ஆள், உயிரோடை இருக்கிறான், வாற ஐப்பசிக்கு இருபத்தாறு முடியுது எண்டு எழுது."

எழுதினேன்.